பல்லக்கும் பிரதியும்: திருவல்லிக்கேணி பாரதியார் இல்லத்து விழாக்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சென்னைத் திருவல்லிக்கேணியில் பாரதி தம் இறுதி நாட்களைக் கழித்த வீடு 1993இல் தமிழ்நாடு அரசால் வாங்கப்பட்டு நினைவில்லமாயிற்று. அங்கு நிகழும் பொது விழாக்கள் பாரதியின் எழுத்தை எவ்வாறு வாசிக்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 1919ஆம் ஆண்டின் சீட்டுக்கவியையும் 1920ஆம் ஆண்டின் பதிப்புத் திட்ட அறிக்கையையும் அருகருகே வைத்து, விழா மரபு முன்னதையே தனக்குரியதாக ஏற்றுக்கொண்டது என்றும் அதனால் பின்னது மறைக்கப்பட்டது என்றும் வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: பாரதி, நினைவில்லம், விழா, சீட்டுக்கவி, வாசகர், திருவல்லிக்கேணி

எழுத்தாளர் வாழ்ந்த வீடு நினைவில்லமாகும்போது அதன் வரலாறு பெரும்பாலும் கட்டடத்தின் வரலாறாகவே எழுதப்படுகிறது. வாங்கப்பட்ட ஆண்டு, திறந்துவைத்தவர், காட்சிக்கு வைக்கப்பட்ட பொருள்கள் ஆகியன பதிவு பெறுகின்றன. அவ்வீட்டில் ஆண்டுதோறும் கூடும் மக்கள் அங்கே என்ன செய்கிறார்கள் என்பது அரிதாகவே ஆய்வுப்பொருளாகிறது. விழாவும் ஒரு வாசிப்பே. எந்தப் பாடலைப் பாடுவது, எந்த நாளில் கூடுவது, கவிஞரின் உருவத்தை எங்கே நிறுத்துவது என்னும் ஒவ்வொரு முடிவும் அவருடைய படைப்பின்மீது சொல்லப்படும் ஒரு கருத்து. ஆகவே பதிப்பையும் உரையையும் விமர்சிக்கும் அதே கண்டிப்போடு விழாவையும் விமர்சிக்கலாம், விமர்சிக்கவும் வேண்டும்.

வீடும் அதன் எழுத்தும்

1920ஆம் ஆண்டின் இறுதியில் பாரதி சுதேசமித்திரனின் உதவியாசிரியராக மீண்டும் சென்னை வந்தார். பார்த்தசாரதி கோயிலை அடுத்த துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் குடியிருந்தார். 1921 செப்டம்பர் 11ஆம் நாள் நள்ளிரவு கடந்து அங்கேயே காலமானார். சொந்த வீடன்று, வாடகைக் குடியிருப்பு. (தமிழ்நாட்டில் நினைவுச் சின்னமாகிய எழுத்தாளர் வீடுகளுள் வாடகை வீடுகளின் பங்கு தனியே எழுதப்பட வேண்டிய ஒன்று.) பாரதி நினைவு போற்றப்படும் வீடுகளுள் எட்டயபுரத்து வீடு பிறப்பிடம், புதுவை ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு வீடு கவிதையின் விளைநிலம். திருவல்லிக்கேணி வீடோ ஒரு நாளிதழாளரின் வீடு.

இந்த வேறுபாடு விழாக்களில் புலப்படுவதில்லை. இல்லத்தில் மக்கள் திரளும் நாட்கள் இரண்டு: டிசம்பர் 11, செப்டம்பர் 11. அமைச்சர்களும் அதிகாரிகளும் மாலை அணிவிக்கின்றனர். பள்ளி மாணவர்க்கான ஒப்பித்தல், பேச்சு, மாறுவேடப் போட்டிகள் நடைபெறுகின்றன. இசை நிகழ்ச்சி அமைகிறது. பாடப்படுவன எவை என்று நோக்கினால், 1908க்கு முந்திய சென்னைக் காலத்துத் தேசியப் பாடல்களும், புதுவையில் எழுந்த கண்ணன் பாட்டு, பாஞ்சாலி சபதம் ஆகியவற்றின் பகுதிகளுமே மிகுதி. அதாவது, இவ்வீட்டில் ஒலிப்பவற்றுள் பெரும்பாலானவை இவ்வீட்டில் எழுதப்பட்டவை அல்ல. இவ்வீட்டுக் காலத்துக்கு உரியது சுதேசமித்திரனுக்காக அவர் எழுதிய உரைநடை. அவ்வுரைநடைக்கு மெட்டு இல்லை. ஒப்பித்தல் போட்டிக்கும் அது உதவாது. ஆகவே அது கேட்கப்படுவதில்லை.

இதற்கு நிர்வாக அமைப்பும் ஒரு காரணம். தமிழ்நாட்டில் தலைவர்கள், எழுத்தாளர்களின் நினைவகங்களைப் பராமரிப்பது செய்தி மக்கள் தொடர்புத் துறை. அத்துறையின் இயல்பான மொழி அரசு விழா: குறித்த நாள், குறித்த நேரம், மாலை, படம், செய்திக்குறிப்பு. 2021இல் நூற்றாண்டு நினைவையொட்டிச் செப்டம்பர் 11 மகாகவி நாளாக அறிவிக்கப்பட்டபோதும் இந்த நாட்காட்டிதான் உறுதிப்பட்டது. பதிப்பாசிரியரோ ஆவணக் காப்பாளரோ இல்லத்தின் ஆண்டுத் திட்டத்தை வகுக்கும் நிலை இருப்பின் நாட்காட்டி வேறாக அமைந்திருக்கும்.

பல்லக்கு

இவ்விழாக்களுள் விமர்சகரின் கவனத்திற்கு மிகவும் உரியது ஜதி பல்லக்கு ஊர்வலம். வானவில் பண்பாட்டு மையம் டிசம்பரில் நடத்திவரும் பாரதி விழாவில் கவிஞரின் உருவச் சிலை பல்லக்கில் ஏற்றப்பட்டுப் பார்த்தசாரதி கோயிற்புறத்திலிருந்து இல்லத்துக்குக் கொண்டுவரப்படுகிறது. இதன் மூலம் சீட்டுக்கவி. 1919இல் எட்டயபுரம் ஜமீன்தார் வெங்கடேசு ரெட்டப்ப நாயக்கருக்குப் பாரதி விடுத்த அம்மடலில், தமக்கு உரிய மரியாதைகளாகப் பேரிகை முழக்கம், சால்வை, பொற்குவை ஆகியவற்றோடு ஜதி பல்லக்கையும் கேட்கிறார். ஜமீனிலிருந்து பயன் எதுவும் விளையவில்லை. கவிஞர் உயிரோடிருந்தபோது கிட்டாத பல்லக்கை மக்கள் இன்று கொடுக்கின்றனர் என்பதே ஊர்வலத்தின் உணர்ச்சித் தளம்.

அந்த உணர்ச்சியை எளிதாகத் தள்ளிவிட இயலாது. புலவரின் மரியாதை பரிசிலாக வெளிப்பட வேண்டும் என்னும் எண்ணம் சங்கப் பாணாற்றுப்படை முதல் தமிழில் வேரூன்றியது. சீட்டுக்கவி என்னும் வகையே அதன் பிற்கால வடிவம். அவ்வகையின் உரிமைக் குரலைப் பாரதி நன்கு பயன்படுத்துகிறார். இரப்பவரின் தொனி அதில் இல்லை, தமிழின் குறையைத் தீர்த்தவர் தமக்கு வரவேண்டியதைக் கணக்கிட்டுக் கேட்கும் தொனி உண்டு. ஊர்வலம் அத்தொனியைப் பிடித்திருக்கிறது எனலாம்.

ஆனால் நிகழ்த்தும்போது பொருள் இரு வகையில் நகர்கிறது. முதலாவது, பல்லக்கில் ஏறுவது உயிருள்ள கவிஞர் அல்லர், திருமேனி. திருவல்லிக்கேணித் தெருக்கள் உற்சவர் புறப்பாட்டுக்குப் பழகியவை. கோயிற்புறத்தில் புறப்பட்டு வீதிவழி வரும் உருவம் அப்பழக்கத்தின் இலக்கணத்துக்குள் தானாகவே புகுந்துவிடுகிறது. வாழ்வதற்கான பொருளையும் மதிப்பையும் கேட்ட ஒரு மடல், வழிபாடாக மாறுகிறது. இரண்டாவது, பல்லக்கைக் கொடுப்பவர் ஜமீன்தாரின் இடத்தில் நிற்கிறார். மக்கள் புரவலராகின்றனர். புரவலர் படிக்க வேண்டும் என்பது இல்லை, கொடுத்தால் போதும்.

இரண்டாம் நகர்வே இக்கட்டுரையின் கவலை. ஏனெனில் மக்கள் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று பாரதி விரும்பினாரோ, அதை அவரே அடுத்த ஆண்டில் எழுதிவைத்தார்.

1920: நாற்பது நூல்கள்

சீட்டுக்கவிக்கு மறு ஆண்டில் பாரதி தமிழ் வளர்ப்புப் பண்ணை என்னும் பெயரில் ஒரு திட்டத்தை அறிவித்து நண்பர்களுக்கும் அன்பர்களுக்கும் எழுதினார். புதுவை வாழ்க்கையில் குவிந்த கையெழுத்துப் பிரதிகளை 40 நூல்களாக அச்சிடுவது, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் போடுவது என்பது திட்டம். மொத்தம் 4 லட்சம் பிரதிகள். இதற்கு அவர் கேட்டது நன்கொடையன்று. வட்டியோடு திருப்பித் தரும் உறுதியுடன் ஆளுக்கு 100 ரூபாய் கடன். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் நூல்கள் எளிதில் விலைபோகும் என்று அவர் நம்பினார்.

தீப்பெட்டி உவமையைப் பாரதி வாழ்வின் அவல நகைச்சுவையாகக் கொள்வது வழக்கம். திட்டம் கைகூடவில்லை என்பதால் அப்படித் தோன்றுகிறது. இலக்கியச் சமூகவியல் நோக்கில் அது சீட்டுக்கவிக்கு நேரெதிரான ஆவணம். ஓராண்டு இடைவெளியில் அதே கவிஞர், அதே வறுமை. கேட்கப்படுபவர் மட்டும் மாறிவிட்டார். ஜமீன்தார் இருந்த இடத்தில் வாங்கிப் படிக்கும் ஆயிரக்கணக்கானோர் வருகின்றனர். பரிசிலின் இடத்தில் கடனும் விலையும் வருகின்றன. தீப்பெட்டியை யாரும் பூசை அறையில் வைப்பதற்காக வாங்குவதில்லை. அன்றாடம் எடுத்து உரசுவதற்கே வாங்குகின்றனர்.

விழா மரபு இவ்விரண்டனுள் பல்லக்கைத் தேர்ந்தது. காட்சியாக்க எளிதானது அது. எனினும் தேர்வின் விளைவு காட்சியோடு நிற்பதில்லை. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் படைப்புகளின் உரிமையைப் பெற்று நாட்டுடைமையாக்கியது. பின்னர் அவை எவரும் அச்சிடத்தக்க பொதுச் சொத்தாயின. ஆ. இரா. வேங்கடாசலபதியின் பாரதி: கவிஞனும் காப்புரிமையும் இவ்வரலாற்றை விரிவாக ஆராய்ந்துள்ளது. எழுத்து பொதுவாகி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே வீடு பொதுவாயிற்று. எழுத்து பொதுவானபோது வாசகர்க்குக் கிடைத்தது மலிவுப் பதிப்புகள் என்னும் நடைமுறைப் பயன். வீடு பொதுவானபோது அவர்க்குக் கிடைத்தது என்ன என்று கேட்டால், மாலையிடும் உரிமை என்பதற்கு மேல் விடை சொல்வது கடினம்.

எவருடைய விழா

சமூக நிகழ்வு என்னும்போது சமூகம் எது என்பதும் வினாவாகிறது. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலின் ஊர். வாலாஜா பள்ளிவாசலின் ஊருமாகும். கோயிற்புறத்தில் தொடங்கி இல்லத்தில் முடியும் வழி, அந்த ஊரின் ஒரு பாதியை மட்டும் கடந்து செல்கிறது. அமைப்பாளரின் நோக்கத்தை இங்கு ஐயுற வேண்டியதில்லை. வழியே பொருள் உரைக்கிறது என்பதே சுட்டப்படுகிறது. 1920இல் கடையத்தை அடுத்த பொட்டல்புதூரில் இஸ்லாம் மார்க்கத்தின் மேன்மை குறித்துப் பாரதி ஆற்றிய உரை அச்சில் உள்ளது. திருவல்லிக்கேணியில் ஒரு பொது வாசிப்புக்கு அதைக் காட்டிலும் பொருத்தமான உரைநடை அவருடைய எழுத்தில் அதிகம் இல்லை.

விழாவுக்கு எதிரான வாதம் ஓர் எல்லையில் நிற்க வேண்டும். அதே திருவல்லிக்கேணியில், பிள்ளையார் கோயில் தெருவில், உ. வே. சாமிநாதையர் வாழ்ந்த தியாகராஜ விலாசம் 2012இல் இடிக்கப்பட்டது. அவருடைய சுவடிகளும் நூல்களும் 1943இல் நிறுவப்பெற்ற நூலகத்தில் பாதுகாப்புப் பெற்றன. உத்தமதானபுரத்தில் நினைவில்லமும் உண்டு. ஆயினும் பதிப்புப் பணியின் பல்லாண்டு உழைப்பைக் கண்ட சென்னை வீடு தப்பவில்லை. பதிப்பாசிரியருக்கு ஊர்வலம் இல்லை; அவர் பெயரால் ஒரு தெரு திரள்வதில்லை. சிலையும் மாலையும் பல்லக்கும் பாரதி வீட்டைச் சுற்றி ஓர் அரணாக நிற்கின்றன என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆய்வாளர் சமூகம் தன் நியாயமான ஏளனத்தைச் சற்று அடக்கிக்கொள்ள இதுவே போதிய காரணம். உ. வே. சா. இல்லம் இடிபட்டபோது ஆய்வரங்குகளால் அதைக் காக்க இயலவில்லை.

கேள்வி, திரண்ட மக்களுக்கு வீட்டினுள் என்ன தரப்படுகிறது என்பதே. வீடு சார்ந்த நிகழ்வு வாசிப்பாகவே அமையக்கூடும் என்பதற்கு வெளியிலிருந்து ஒரு சான்று காட்டலாம். அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் ஊரில் எமிலி டிக்கின்சன் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக உள்ளது. வாழ்நாளில் ஏறத்தாழப் பத்துக் கவிதைகளே அச்சேறக் கண்ட அவர், 1886இல் இறந்தபோது கையெழுத்துப் பிரதிகளையே விட்டுச்சென்றார். இவ்வகையில் பாரதியோடு ஒப்பிடத்தக்கவர். அவ்வருங்காட்சியகம் நடத்தும் நெடுவாசிப்பில், ஃபிராங்க்ளின் பதிப்பிலுள்ள 1789 கவிதைகளும் வரிசையாக உரக்க வாசிக்கப்படுகின்றன. வாசிப்போர் தேர்ந்த நிகழ்த்துநர் அல்லர். ஊராரும் வருகையாளரும் மாறிமாறி வாசிக்கின்றனர். புகழ்பெற்ற கவிதையும் எவரும் அறியாத கவிதையும் ஒரே முறையில் வருகின்றன. அங்கு நினைவு கூர்தலின் அலகு பதிப்பு. நம் மாறுவேடப் போட்டியில் அலகு தலைப்பாகையும் மீசையும். பிள்ளைகள் அதில் மகிழ்கின்றனர் என்பது உண்மை. ஆனால் மீசை வரைந்துகொண்ட பிள்ளையின் கையில் பாரதியின் ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் செய்வது அம்மகிழ்ச்சியைக் குறைத்துவிடாது.

ஆம்ஹர்ஸ்ட்டைப் படியெடுக்க வேண்டும் என்பதன்று கருத்து. தமிழில் அதற்கான கருவி ஏற்கெனவே கையில் உள்ளது. சீனி. விசுவநாதனின் காலவரிசைப் பதிப்பு, பாரதியின் எழுத்தை எழுதிய அல்லது வெளியான நாளோடு பொருத்தித் தருகிறது. அப்பதிப்பு வந்த பின் பிறந்த நாள், மறைந்த நாள் என்னும் இரண்டு தேதிகளுக்குள் ஒரு நினைவில்லம் அடங்கிக் கிடக்க வேண்டிய தேவை இல்லை. 1920 நவம்பர் முதல் 1921 செப்டம்பர் வரை அவர் எழுதியவற்றை அந்தந்த நாளில் அவ்வீட்டிலேயே வாசிக்கலாம். அப்போது முற்றுப்பெறாத சந்திரிகையின் கதையும், யாரும் மேடையேற்றாத சிறு கட்டுரைகளும் கேட்போரைப் பெறும். பாரதியோடு உடன்படாத கேள்விகளும் எழும். இறுதிக் கால உரைநடையில் சமயம், பெண் விடுதலை, அரசியல் ஆகியவற்றில் அவர் கொண்ட நிலைப்பாடுகள் ஒருமுகமானவை அல்ல. பல்லக்கின் முன் எழுப்ப இயலாத கேள்விகளை வாசித்த பக்கத்தின் முன் எழுப்ப இயலும்.

பாரதி கலந்துகொண்ட இறுதிக்காலப் பொது நிகழ்வுகளுள் ஒன்று, ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையத்து வாசகசாலையின் ஆண்டுவிழா. ஊரார் நடத்திய ஒரு சிறு படிப்பகத்தின் அழைப்பை ஏற்று, யானையால் தாக்குண்டு தேறியிருந்த நிலையில், சென்னையிலிருந்து புறப்பட்டுப் போய் மனிதனுக்கு மரணமில்லை என்னும் பொருளில் பேசினார். திரும்பி வந்து அப்பயணத்தை நகைச்சுவையோடு எழுதினார். என் ஈரோடு யாத்திரை என்னும் அக்கட்டுரை 1921 ஆகஸ்ட் 4 சுதேசமித்திரனில் வெளிவந்தது. அதை ஆகஸ்ட் 4 அன்று துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீட்டில் கூடி வாசிப்பதற்குப் பந்தலும் ஒலிபெருக்கியும் வேண்டா. பதிப்பின் அந்தத் தொகுதியும், இருபது முப்பது பேர் அமரச் சில பாய்களும், மாலை ஆறு மணிக்குப் பிறகு கதவைத் திறந்து வைத்திருக்க ஒரு துறை ஆணையும் இருந்தால் போதும்.