சக்கரம் தரை தொடும் நேரம்

குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. நாகர்கோவில்காரர்களுக்கு விமானம் என்றால் திருவனந்தபுரம்தான். நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1932-ல், கோதவர்ம ராஜாவின் முயற்சியில் பறக்கும் கழகத்தோடு தொடங்கிய நிலையம் அது. பின்னாளில் பயிற்சி மாணவர்கள் செஸ்னா என்ற சின்ன விமானத்தில் ஏறி இறங்கிப் பழகியதும் அங்கேதான்.

ஏறுவது பெரிய வித்தையில்லை. இறக்குவதில்தான் கை தெரியும். செஸ்னா 172 மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தில் தாழ்ந்து வரும். தரைக்குச் சில அடி மேலே விசையைக் குறைத்து, மூக்கை மெல்லத் தூக்கிப் பிடிக்க வேண்டும். பார்வை ஓடுபாதையின் கோடியில் இருக்கட்டும். வேகம் சற்று மிஞ்சினாலும் விமானம் இறங்காமல் மிதந்துகொண்டே போகும். அவசரப்பட்டு அழுத்தினால் மூக்குச் சக்கரம் இடித்துத் துள்ளும். பொறுத்தால், இடது இறக்கையிலுள்ள எச்சரிக்கை ஊதல் முனக, பின்சக்கரங்கள் ‘கீச்’சென்று தொடும். எனக்கு நாதஸ்வரத்தைவிட (வீட்டில் சொல்லிவிடாதீர்கள்) அந்தக் கீச்சு பிடிக்கும்.

ஆரல்வாய்மொழியில் ஆடிக்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்குப் பக்கக்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ப்பக்கக் காலால் சுக்கானை மிதித்து, முதலில் ஒற்றைச் சக்கரத்தில் இறங்குவார்கள். பார்க்கக் கோணலாக இருக்கும், அதுதான் முறை. சரிப்படவில்லையென்றால் விசையைக் கூட்டி மேலேறி, இன்னொரு சுற்று வருவார்கள். அதில் வெட்கமில்லை.

அந்த நிலையத்தை ஒட்டிய சங்குமுகம் பக்கம் போகும்போது சின்ன விமானம் ஏதாவது இறங்கினால், இறக்கையை விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கவனியுங்கள்.