கட்டுச்சோறும் ஊர்த் தண்ணீரும்

2014-ல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தைத் தொகுப்பவர்களின் மாநாடு. அங்கே லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு குறையைச் சொல்லிப் புலம்பினார். ஆழ்கடலில் முங்குகிறவர்கள் குறிப்பு வைத்துக்கொள்வதற்காக 2011-ல் அவர் தொடங்கிய மென்பொருள் ‘சப்சர்ஃபேஸ்’. அதை விண்டோஸுக்கும் மேக்குக்கும் ஒற்றைக் கோப்பாகக் கட்டிக் கொடுத்துவிட முடிகிறது. லினக்ஸுக்குத்தான் முடியவில்லை என்றார். லினக்ஸையே எழுதியவருக்கு இந்த நிலைமை! ஒவ்வொரு விநியோகத்திலும் ஒவ்வொரு பதிப்பு லைப்ரரி இருக்கும். முங்குவோர் மணிக்கட்டுக் கருவியிலிருந்து தரவை இறக்கும் ‘லிப்டைவ்கம்ப்யூட்டர்’ போன்ற அபூர்வச் சரக்கு பல இடங்களில் இருக்கவே இருக்காது. பிற்பாடு சப்சர்ஃபேஸ் ஆப்இமேஜாக வந்தது. 2015-ல் அவரே அதை ஓட்டிப் பார்த்து மெச்சினார்.

ஆப்இமேஜ் என்பது ஒரே ஒரு கோப்பு. அதற்கு இயக்க அனுமதி கொடுத்து இரண்டு முறை கிளிக் செய்தால் ஓடும், வேண்டாமென்றால் அழித்துவிடலாம். சைமன் பீட்டர் 2004-ல் ‘க்ளிக்’ என்ற பெயரில் தொடங்கிய வேலையின் வாரிசு அது. முன்பக்கம் ஒரு சிறு ஓட்டி இருக்கும், அதன் வாலில் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற சுருக்கிய கோப்பமைப்பு ஒட்டியிருக்கும். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஓர் ஆப்இமேஜ் கையில் கிடைத்தால் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே அதைப் பிரித்துவிடுவேன். லைப்ரரிகள் கிடக்கும் ஃபோல்டரைப் பார்த்தாலே கட்டியவரின் கை தெரிந்துவிடும்.

கை தேராதவரின் மூட்டை கனமாக இருக்கும். நிரல் எந்தெந்த லைப்ரரிகளைக் கேட்கிறது என்று காட்டும் ‘எல்டிடி’ கட்டளையை ஓட்டி, அது காட்டிய அத்தனையையும் வாரி உள்ளே போட்டிருப்பார். பார்ப்பதற்குப் பத்திரமான வழி போலத்தான் தோன்றும். ஆனால் பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டுகிறவர்கள் சோறும் துவையலும் எடுத்துப் போவார்கள், தண்ணீரைப் போகிற இடத்தில் மொண்டுகொள்வார்கள். இந்தத் தொழிலின் சூட்சுமமும் அதுதான். எதைக் கட்ட வேண்டும் என்பது ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும், எதை விட்டுவிட வேண்டும் என்பதற்குத்தான் வருடங்கள் பிடிக்கின்றன.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். என் முதல் ஆப்இமேஜில் சி++ ஆதார லைப்ரரியான ‘லிப்எஸ்டிடிசி++’-ஐயும் சேர்த்துக் கட்டினேன். என் கணினியில் ஜோராக ஓடியது. நண்பரின் புதுக் கணினியில் ஜன்னல் கறுப்பாகத் திறந்து அப்படியே நின்றது. காரணம் புரிய இரண்டு நாள் ஆயிற்று. திரையில் படம் வரைவதற்கான மெசா டிரைவர் அவர் கணினியுடையது. அதை நான் கொண்டுபோக முடியாது, அவருடைய கிராஃபிக்ஸ் கார்டுக்கென்று இருப்பது. அந்த டிரைவர் புதிய சி++ லைப்ரரியைத் தேடியது. அதற்குள் என் மூட்டையிலிருந்த பழையது முந்திக்கொண்டு நினைவகத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. வேண்டிய பெயர் அதில் இல்லாததால் டிரைவர் ஏறவில்லை. கட்டுச்சோற்று மூட்டைக்குள் பெருச்சாளியை வைத்துக் கட்டினாற்போல என்பார்களே, அதேதான்.

இப்படிப் பட்டவர்கள் சேர்ந்து ஆப்இமேஜ் உலகில் ஒரு விலக்குப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். மூட்டையில் வைக்கவே கூடாத லைப்ரரிகளின் பெயர்கள் அவை: சி லைப்ரரியான ஜிலிப்சி, ஓப்பன்ஜிஎல், எக்ஸ்11, ஆல்சா... பல பெயர்களுக்குப் பக்கத்தில் காரணத்தையும் குறித்திருப்பார்கள். இதை வைத்தால் சத்தம் வரவில்லை, அதை வைத்தால் எழுத்துரு ஏற்றும்போது தொங்கிவிடுகிறது என்கிற மாதிரி. வெறும் உரைக்கோப்புதான். ஆனாலும் நாவல் படிக்கிற சுவாரசியத்தோடு நான் அதைப் படித்திருக்கிறேன். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் எவரோ ஒருவர் தூக்கம் கெட்டிருக்கிறார்.

கட்டியதை நிரல் கண்டுபிடிக்க வேண்டுமே, அடுத்த நளினம் அதில் இருக்கிறது. சோம்பேறிகள் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி, லைப்ரரிகளை இங்கே தேடு என்று சூழல் மாறியில் வைத்துவிடுவார்கள். அந்த மாறி பிள்ளை குட்டிகளுக்கும் தொற்றும். நிரலுக்குள் ஓர் இணைப்பைத் தட்டினால் திறக்கிற பிரவுசரும் இந்த மூட்டைச் சரக்கையே விழுங்கிக் கவிழும். தேர்ந்தவர்கள் ‘பேட்ச்எல்ஃப்’ என்ற கருவியைக் கொண்டு ஒவ்வொரு கோப்பின் உள்ளேயும் தேடும் பாதையை எழுதுவார்கள். அதில் ‘$ஆரிஜின்’ என்ற ஒற்றைச் சொல் வரும். நான் எங்கே இருக்கிறேனோ அங்கிருந்து பார் என்று அதற்குப் பொருள். மூட்டையை எந்த ஃபோல்டரில் அவிழ்த்தாலும் அது செல்லும். பைத்தான்காரர்களின் ‘ஆடிட்வீல்’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. உள்ளே வைக்கும் லைப்ரரியின் பெயரிலேயே அதன் ஹேஷ் துண்டைச் சேர்த்து மாற்றிவிடுகிறது. இரண்டு பொதிகள் ஒரே லைப்ரரியின் வெவ்வேறு பதிப்பைக் கொண்டுவந்தாலும் பெயர் மோதாது. கல்யாண வீட்டுக்குக் கடன் கொடுத்த பாத்திரத்தில் பெயர் வெட்டி வைப்பதைப் போல!

எல்டிடி காட்டாத சங்கதிகளும் உண்டு. க்யூடி என்ற ஜன்னல் கருவித்தொகுப்பில் எழுதிய நிரல்கள் ஜன்னல் திறப்பதற்கான ப்ளக்இன்னை ஓடும்போதுதான் கேட்டு வாங்குகின்றன. முன்கூட்டிச் சொல்வதில்லை. பட்டியலில் ஒன்றும் குறையவில்லையே என்று அனுப்பி வைத்து, ‘எக்ஸ்சிபி ப்ளக்இன் ஏறவில்லை’ என்ற செய்தியோடு திரும்பி வந்த மூட்டைகளுக்குக் கணக்கில்லை.

டெபியன்காரர்கள் இந்த ரசனையை ஏற்கமாட்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2014-ல் மறையாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. பொது லைப்ரரியைத் திருத்தியதும், அதைப் பகிர்ந்துகொண்ட நிரல்களெல்லாம் மறுபடி தொடங்கிய கையோடு சரியாயின. தனித்தனி மூட்டைக்குள் இருந்த பிரதிகளை அவரவர்தான் திறந்து மாற்ற வேண்டியிருந்தது. கட்டுச்சோறு ஊசிப்போகும். கட்டுகிறவர் வாரம் தவறாமல் புதிதாகக் கட்டத் தயாராக இல்லையென்றால் ஓப்பன்எஸ்எஸ்எல் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஜிலிப்சி. மூட்டையில் வைக்கக் கூடாதது அது. ஏறக்குறைய எல்லா நிரலுக்கும் வேண்டியதும் அதுதான். பழைய நிரல்களை அது கைவிடுவதில்லை. ஒரு சறுக்கலுக்குப் பிறகும் அப்படித்தான்: 2010-ல் நினைவகத்தை நகலெடுக்கும் அதன் ‘மெம்காப்பி’ என்ற சின்னச் செயல்கூற்றை வேகப்படுத்தப்போய், ஃபெடோரா விநியோகத்தில் ஃபிளாஷின் ஒலி கரகரத்தது. விதிப்படி தவறு ஃபிளாஷுடையது, ஒன்றன்மேல் ஒன்று படியும் நினைவகத்தை மெம்காப்பியால் நகலெடுத்திருந்தார்கள். விதி எனக்கெதற்கு, பயனருக்குப் பாட்டு கேட்க வேண்டும் என்று சண்டைக்கு நின்றவர் அதே டோர்வால்ட்ஸ். 2011-ல் வந்த ஜிலிப்சி 2.14 சமர்த்தாக ஒரு வழி செய்தது. பழைய நிரல் கேட்டால் பழைய மாதிரியே நடந்துகொள்ளும் மெம்காப்பி, புதிதாகக் கட்டுகிற நிரலுக்கு ‘2.14’ என்று முத்திரை குத்திய இன்னொன்று.

பழையது புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓடாது. 2.34-ல் நிரலைத் தொடக்கிவைக்கும் செயல்கூற்றுக்கே புது முத்திரை விழுந்ததால், அதுவோ அதற்குப் பிந்தையதோ உள்ள கணினியில் கட்டினால் வணக்கம் சொல்லும் நாலு வரி நிரல்கூடப் பழைய இயங்குதளத்தில் அசையாது. அதனால் கட்டுகிறவர்கள் வேண்டுமென்றே பழைய இயங்குதளத்தில் உட்கார்ந்து கட்டுகிறார்கள். பைத்தான் உலகம் 2016-ல் ‘மெனிலினக்ஸ்1’ வகுத்தபோது தளமாக எடுத்துக்கொண்டது 2007-ல் வெளிவந்த சென்ட்ஓஎஸ் 5. புதிய கம்பைலரைச் சிரமப்பட்டு அதற்குள் இறக்கி, புத்தம் புது நிரலை ஒன்பது வயதுத் தரையில் வைத்துக் கட்டினார்கள்.

போன வாரம் ஒரு நிரலைப் பிரித்தேன். கட்டியவர் யாரென்று தெரியாது. பெருச்சாளி எதுவும் இல்லை. எல்லாக் கோப்பிலும் $ஆரிஜின். கடைசியாக, ஜிலிப்சியிடம் அது கேட்கும் முத்திரைகளையெல்லாம் பட்டியலிட்டு வரிசைப்படுத்தினேன். ஆக உயர்ந்த எண் 2.14. அதைக் கேட்டது ஒரே ஒரு பெயர்: மெம்காப்பி.