டெமெல் ஆய்வு: புகழும் தகுதியும்

ஜெனிஃபர் டெமெல் குழுவினரின் ஆய்வு 2010 ஆகஸ்டில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளிவந்தது. புற்றுநோய் மருத்துவத்தில், வலியையும் தொந்தரவுகளையும் குறைக்கும் தணிப்புச் சிகிச்சைக்கு இருந்த இடத்தை அது மாற்றியது என்பதை யாரும் மறுப்பதில்லை. எந்த முடிவின் பலத்தில் மாற்றியது என்பதில்தான் எனக்கு வழக்கு உண்டு. அதன் புகழ் பெரிதும் ஒரு செய்தியைச் சார்ந்தது: தணிப்புச் சிகிச்சை பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதங்கள், பெறாதவர்களுக்கு 8.9. அந்த ஆய்வு மிகக் குறைந்த உறுதியோடு நிறுவியது அந்தச் செய்தியைத்தான்.

முதல் தகுதி கேள்வியில் இருக்கிறது. கீமோ பலனளிக்காமல் போன பிறகே தணிப்புச் சிகிச்சைக்கு அனுப்புவது வழக்கமாக இருந்தபோது, டெமெல் குழு அதை நோய் கண்டறிந்த கையோடு தொடங்கிப் பார்த்தது. இடம், பாஸ்டனின் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனை. சிறுசெல் வகை அல்லாத நுரையீரல் புற்றுநோய் பரவிவிட்டதாக அண்மையில் உறுதியான 151 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். வழக்கமான புற்றுநோய்ச் சிகிச்சை இரு தரப்புக்கும் உண்டு. ஒரு தரப்பினர் மட்டும் மூன்று வாரங்களுக்குள் தணிப்புச் சிகிச்சைக் குழுவைச் சந்தித்து, பிறகு மாதம் ஒருமுறையேனும் சந்திப்பைத் தொடர்ந்தார்கள். முதன்மை அளவுகோலும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது: உடல்நிலை, அன்றாட இயக்கம், நுரையீரல் தொந்தரவுகள் ஆகியவற்றின் கூட்டுப் புள்ளி 12 வாரங்களில் எவ்வளவு மாறுகிறது என்பது. ஆயுள் முதன்மை அளவுகோல் அல்ல.

அந்த அளவுகோலில் ஆய்வு தேறியது. 136 புள்ளிகள் கொண்ட முழு வினாப்பட்டியலில் தணிப்புச் சிகிச்சை பெற்ற தரப்பு 98.0, மற்றது 91.5; நோயாளி தன் உடலில் உணரக்கூடிய வேறுபாட்டின் வரம்பை ஒட்டிய இடைவெளி இது. மனச்சோர்வு அறிகுறிகள் ஒப்பீட்டுத் தரப்பில் 38 சதவீதம், தணிப்புச் சிகிச்சை பெற்ற தரப்பில் 16 சதவீதம். புதிதாக மனச்சோர்வு மருந்து எழுதப்பட்டவர்களின் விகிதமோ இரு தரப்பிலும் ஏறத்தாழ ஒன்றே. மாத்திரை இந்த வேறுபாட்டை விளக்காது என்றால், சந்திப்புகளில் நடந்த ஏதோ ஒன்றுதான் விளக்க வேண்டும். ஆய்வின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பாக நான் கருதுவது இதை. பேசப்பட வேண்டிய அளவுக்கு இது பேசப்படவில்லை.

குறைகளும் இதே இடத்தில் தொடங்குகின்றன. சந்திப்புகளில் என்ன நடந்தது? 2010-இன் கட்டுரை பொதுவான வழிகாட்டுதல்களைச் சொல்லி நகர்ந்துவிடுகிறது. மருத்துவக் குறிப்பேடுகளை அலசிய பகுப்பாய்வு 2013-இல்தான் வந்தது: தொடக்கச் சந்திப்புகளில் உறவை வளர்ப்பதும் நோயைப் புரியவைப்பதும், பிந்தையவற்றில் இறுதிக்கால முடிவுகள் பற்றிய பேச்சும். பயனுள்ள பகுப்பாய்வுதான், ஆனால் முன்கூட்டி வகுத்த சிகிச்சைத் திட்டத்துக்கு அது ஈடாகாது. ஒப்பீட்டுத் தரப்புக்கு அதே அளவு நேரமும் கவனிப்பும் தரப்படவில்லை. ஆகவே பலன் தணிப்பு மருத்துவரின் நிபுணத்துவத்தால் வந்ததா, ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து கேட்டதால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. தாங்கள் எந்தத் தரப்பு என்பதை அறிந்தவர்களே வினாப்பட்டியலை நிரப்பினார்கள். 12-ஆம் வாரத்துக்குள் 27 பேர் இறந்துவிட, மதிப்பீட்டை முடித்தவர்கள் 107 பேர். ஒரே மருத்துவமனை, ஏறத்தாழ எல்லோரும் வெள்ளையர்.

அடுத்து வந்த ஆய்வுகளோடு சேர்த்து வாசித்தால் ஆயுள் பற்றிய வாதம் இன்னும் தளர்கிறது. தணிப்புச் சிகிச்சையைத் தொடங்கும் நேரத்தைச் சோதித்த அமெரிக்காவின் மூன்றாவது எனேபிள் ஆய்வில் 207 பேர். உடனடியாகத் தணிப்புச் சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டுக்குப் பின் 63 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள், மூன்று மாதம் தாமதமாகப் பெற்றவர்களில் 48. ஆனால் வாழ்க்கைத் தரத்தில் வேறுபாடே இல்லை. வாழ்க்கைத் தரம் உயர்ந்ததால்தான் ஆயுள் நீண்டது என்ற பாஸ்டன் விளக்கத்துக்கு இது பொருந்தவில்லை. டொரன்டோவில் ஸிம்மர்மன் குழு 24 மருத்துவப் பிரிவுகளில் 461 பேரிடம் செய்த ஆய்வு, முதன்மைக் கெடுவான மூன்றாம் மாதத்தில் தவறி நான்காம் மாதத்தில் பலன் காட்டியது. டெமெல் பின்னர் 350 பேரிடம் நடத்திய ஆய்வும் 12-ஆம் வாரத்தில் தவறி 24-ஆம் வாரத்தில் தேறியது. டென்மார்க்கில் நடந்த ஆய்வில் முதன்மை அளவுகோலில் பலனே தெரியவில்லை.

தணிப்புச் சிகிச்சையை அல்லாமல், நோயாளிகளின் தொந்தரவுகளைக் கண்காணிக்கும் முறையைச் சோதித்த ஈதன் பாஷின் ஆய்வுகளிலும் ஆயுள் பற்றிய முடிவு தளர்ந்தது. நியூயார்க்கின் ஒரே மையத்தில் 766 நோயாளிகள் பங்கேற்றார்கள். அவர்களில் ஒரு தரப்பினர் தம் தொந்தரவுகளைக் கணினி வழியே தெரிவிக்க, கடுமையானவை மின்னஞ்சலில் செவிலியரை எட்டின. அவர்களின் இடைநிலை ஆயுள் 31.2 மாதங்கள், மற்றவர்களுக்கு 26.0. அதே முறை 52 மருத்துவ மையங்களுக்கு விரிந்தபோது, உடல் இயக்கத்திலும் வாழ்க்கைத் தரத்திலும் சிறு முன்னேற்றம் நிலைத்தது. ஆயுள் வேறுபாடு மறைந்தது. ஒரு மையத்தைத் தாண்டியும் தாக்குப்பிடிப்பது நோயாளியின் நிம்மதிதான். அது போதுமான பலன். அதைக் காப்பாற்ற ஆயுளைச் சாட்சிக்கு அழைக்கும் பழக்கத்தைத் துறை கைவிட வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு: வாழ்க்கைத் தரம் பற்றிய முடிவை ஏற்கிறேன், மனச்சோர்வு பற்றியதை, மற்ற இடங்களிலும் சோதிக்கத் தக்கது என்ற அளவில் உயர்வாக மதிக்கிறேன், ஆயுள் பற்றியதைத் தள்ளுகிறேன். முற்றிய புற்றுநோயாளிக்கு நோய் கண்டறிந்த எட்டு வாரங்களுக்குள் தணிப்புச் சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2016-இல் வகுத்த வழிகாட்டுதல், திசையில் சரி. எட்டு என்ற எண்ணுக்கு ஆதாரம் மெலிது.

இந்திய வாசகர் கூடுதலாக ஒன்றை எடைபோட வேண்டும். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 180 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2021-இல் வெளிவந்தது; தொடக்கத்திலேயே தந்த தணிப்புச் சிகிச்சை வாழ்க்கைத் தரத்தையும் உயர்த்தவில்லை, ஆயுளையும் நீட்டவில்லை. இதைத் தணிப்புச் சிகிச்சையின் தோல்வி என்று வாசிப்பது அவசரம். நாட்டின் முன்னணிப் புற்றுநோய் மையத்தில் ‘வழக்கமான சிகிச்சை’ என்பதிலேயே வலி நிர்வாகம் ஓரளவு அடங்கியிருக்கும். கூடுதலாகத் தருவதற்கு மிஞ்சுவது குறைவு. 1985-இன் போதைப்பொருள் சட்டம் மார்ஃபினை நோயாளிகளுக்கு எட்டாப் பொருளாக்கிய நிலை 2014 திருத்தம் வரை நீடித்த ஒரு நாட்டில், மாவட்ட மருத்துவமனையின் ‘வழக்கமான சிகிச்சை’ வேறொன்று. அடுத்த சோதனைக்கு உரிய களம் அதுதான். அங்கே அளவுகோல் ஆயுளாக இருக்கக் கூடாது: வலி எத்தனை நாளில் அடங்கியது, இரவில் தூக்கம் வந்ததா, சோறு இறங்கியதா என்பதாக இருக்க வேண்டும்.