திருகாணி இல்லாத கருவிகள்

இந்த மலரில் ஆண்டுதோறும் சிலம்பையும் குறளையும் நுணுகி ஆராயும் பெரியோர் எழுதி வருகிறார்கள். அவர்களுக்கு நடுவே நான் ஒரு டி.வி. பெட்டியையும் ஒரு காது மிஷினையும் திறனாய்வு செய்ய வந்திருக்கிறேன். மலர்க் குழுவில் ஒருவர், "டீச்சரம்மா, இது திறனாய்வா, இல்ல கம்ப்ளெயிண்ட்டா?" என்று கேட்டுச் சிரித்தார். இரண்டும்தான் என்றேன். நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரு நாளில் புத்தகத்தைத் தொடும் நேரம் எவ்வளவு, கருவிகளைத் தொடும் நேரம் எவ்வளவு என்று பெற்றோர்களுக்குத் தெரியும். அப்படியிருக்க, நூலுக்கு மட்டும் திறனாய்வு, கருவிக்கு வெறும் விளம்பரம் என்றால் எப்படி?

வாங்கும்போது விலை பார்க்கிறோம், நிறம் பார்க்கிறோம், கேமரா எத்தனை என்று எண்ணுகிறோம். நான் கேட்க விரும்புவது வேறு. காசு கொடுத்து வாங்கியவரை இந்தப் பொருள் தன் உள்ளே விடுகிறதா?

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் சித்தப்பா. கோலார் தங்கவயலில் சுரங்க ஒர்க்‌ஷாப்பில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். தங்கவயலையும் மின்சாரத்தையும் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. 1902 ஜூன் மாதம், காவிரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம் ஏறத்தாழ 92 மைல் கம்பி வழியே வந்து தங்கவயல் சுரங்கங்களை ஓட்டத் தொடங்கியது. அந்தக் காலத்தில் உலகிலேயே மிக நீண்ட மின்பாதைகளில் அது ஒன்று. பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது 1905-ல்தான். ஆனால் மின்சாரம் வந்தது சுரங்கத்துக்கு. அதே ஊரில் எங்கள் பாட்டி லைன் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்த காலத்தைப் பற்றி நிறையச் சொல்வார்.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன், நம் பிள்ளைகள் அறிய வேண்டியது. 1965-ல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைப் பதிவு செய்தன. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அது பதிவானது. அன்றைய உலகின் மிக நுட்பமான மின்னணுக் கருவிகளில் சில எங்கள் ஊரின் அடியில் இருந்தன என்று சொன்னால் மிகையில்லை. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பஞ்சம் பிழைக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மோட்டாரும் கேபிளும் மீட்டருமாக வளர்ந்த ஊர் அது. எதையும் கழற்றிப் பார்ப்பது அங்கே கெட்ட பழக்கம் அல்ல, தொழில்.

2001 பிப்ரவரி கடைசியில் சுரங்கம் மூடப்பட்டது. சித்தப்பா வீட்டுத் திண்ணையில் ஒரு மேசை போட்டார். மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், பழைய பவுடர் டப்பா நிறையத் திருகாணி. ரேடியோ, மிக்ஸி, டேப்ரிகார்டர், பிறகு கலர் டி.வி. என்று வந்தன. பழைய வால்வு ரேடியோவைக் கழற்றினால் பின் அட்டையின் உட்பக்கத்தில் எந்த வால்வு எங்கே என்று படம் ஒட்டியிருக்கும். செய்தவன் பழுதுபார்ப்பவனுக்கு எழுதி வைத்த கடிதம் மாதிரி இருக்கும் அது. "நாலு ஸ்க்ரூ போட்டிருக்கான்னா, தொறந்து பாருன்னு சொல்றான்னு அர்த்தம்மா" என்பார் சித்தப்பா. ஊரில் கம்மலுக்கே திருகாணி உண்டு, கழற்றி மாட்டத்தானே!

இப்போது டி.வி. விஷயத்துக்கு வருகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்பாவுக்கு ஒரு எல்.இ.டி. டி.வி. வாங்கிக் கொடுத்தோம். வாரண்டி முடிந்த இரண்டாம் மாதம் படம் போய்விட்டது, சத்தம் மட்டும் வந்தது. கம்பெனியிலிருந்து வந்த பையன் பத்தே நிமிடம் பார்த்தான். "பேனல் போச்சு மேடம். மாத்தினா புது டி.வி. விலையில முக்கால்வாசி ஆயிடும். எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்கோங்க" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவ்வளவுதான்.

அன்று இரவு சித்தப்பா விளக்கை அணைக்கச் சொன்னார். டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் பிடித்தார். மங்கலாக ஒரு செய்தி வாசிப்பாளர் தெரிந்தார்! படம் இருக்கிறது, பின்னால் வெளிச்சம்தான் இல்லை. திரைக்குப் பின்னே பட்டை பட்டையாகச் சிறு எல்.இ.டி. விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். நம் மாரியம்மன் திருவிழா சீரியல் செட் போலத்தான். ஒன்று அறுந்தாலும் அந்த வரிசை முழுதும் அணையும். பல பெட்டிகளில் ஒரு வரிசை போனால் மொத்த வெளிச்சத்தையும் மின்சுற்றே நிறுத்திவிடும். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் அந்தப் பட்டைகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தன. திரைக் கண்ணாடி உடையாமல் எடுத்து வைப்பதுதான் கஷ்டம், ஒரு முழுப் பகல் பிடித்தது. டி.வி. இன்றும் ஓடுகிறது.

இங்கே குற்றம் தொழில்நுட்பத்தின் மேல் இல்லை. அந்த டி.வி. அருமையான பொருள். சில நூறு ரூபாய்ப் பகுதி ஒன்று பழுதானதை, முழுப் பொருளின் மரணமாக அறிவிக்கும் ஏற்பாடுதான் குற்றம். உதிரியைத் தனியே விற்பதில்லை, விளக்கப்படம் தருவதில்லை, பழகிய கையைக் கிட்டே சேர்ப்பதில்லை.

தூக்கிப் போட்டால் எங்கே போகிறது? 2022-ல் உலகம் முழுவதும் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் கால் பங்குக்கும் குறைவே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது என்றும் ஐ.நா. அறிக்கை சொல்கிறது. மிச்சத்தில் ஒரு பகுதி டெல்லி சீலம்பூர், மொராதாபாத் போன்ற இடங்களில் திறந்த வெளியில் எரிக்கப்பட்டும் அமிலத்தில் முக்கப்பட்டும் செம்பாகவும் தங்கமாகவும் பிரிகிறது. ஆம், தங்கம்தான். துருப்பிடிக்காது என்பதால் மின்னணுப் பலகைகளின் முனைகளில் தங்கம் பூசுகிறார்கள். எங்கள் சுரங்கம் மூடும் காலத்தில் ஒரு டன் பாறையில் ஐந்து கிராம்கூடக் கிடைக்கவில்லை. ஒரு டன் பழைய கைப்பேசியில் அதைப் போலப் பல மடங்கு இருக்கிறது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் பதக்கங்கள் முழுக்க முழுக்க மக்கள் கொடுத்த பழைய கருவிகளிலிருந்து எடுத்த உலோகத்தால் ஆனவை. தங்கம் மட்டும் 32 கிலோ. தங்கத்தை எடுத்தபின் என்ன மிஞ்சும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டாம். ஆடிக் காற்றில் சயனைடு மலையின் தூசி சோற்றுத் தட்டில் விழுந்த ஊர் எங்களுடையது.

டி.வி. கதை எங்கள் பக்கம் வெற்றியாக முடிந்தது. காது மிஷின் கதை அப்படி முடியவில்லை.

அப்பா பாறையில் துளை போடும் டிரில் மிஷின் பிடித்தவர். இருபத்தெட்டு ஆண்டு. அந்தச் சத்தம் காதை ஒரேயடியாகக் கெடுக்காது, உச்ச ஒலிகளை முதலில் தின்னும். பரிசோதனைப் படத்தில் நாலாயிரம் ஹெர்ட்ஸ் அருகே கோடு பள்ளத்தில் விழுந்திருக்கும். தமிழாசிரியையாக நான் இதை வேறு விதமாகப் புரிந்துகொண்டேன். அப்பாவுக்கு உயிரெழுத்து கேட்கும், வல்லினம் கேட்காது. கட்டு, பட்டு, தட்டு மூன்றும் அவருக்கு ஒரே சொல். "சத்தம் கேக்குதும்மா, பேச்சு கேக்கல" என்பார். சத்தம் போட்டுப் பேசினால் போதும் என்று நினைக்கிறவர்கள் இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

முதலில் இருந்தது சட்டைப்பையில் வைக்கும் பெட்டி மிஷின். வயர் காதுக்குப் போகும். பென்சில் பேட்டரி. பக்கவாட்டில் ஒரு சக்கரம், உள்ளே சின்னஞ்சிறு திருகாணி ஒன்று, சித்தப்பா அதைத் திருப்பி, "இப்போ எப்படிண்ணா?" என்று கேட்டுக் கேட்டுச் சரி செய்வார். குறையும் உண்டு. பாத்திரம் விழுந்தாலும் பேரன் பேசினாலும் அதற்கு ஒன்றுதான், எல்லாவற்றையும் பெரிதாக்கும். பிறகு மகள் சீட்டுப் பணத்தில் டிஜிட்டல் மிஷின் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தாள். காதுக்குப் பின்னே ஒளிந்துகொள்ளும். எந்த ஒலி குறைவோ அதை மட்டும் தூக்கிக் கொடுக்கும், இரைச்சலை அடக்கும். மாட்டிய அன்று அப்பா, "சைக்கிள் பெல்லு கேக்குதுடி" என்றார். எத்தனையோ வருடத்துக்குப் பின். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே புதுக் கருவிகளை நான் முழுதாகத் திட்ட மாட்டேன்.

ஆனால் காது மாறிக்கொண்டே போகிறது. மிஷினையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். அதில் திருகாணி இல்லை. கம்பெனியின் மென்பொருள் உள்ள கம்ப்யூட்டரில் இணைத்தால்தான் மாறும், அந்த மென்பொருள் விற்பனையாளரிடம் மட்டும் இருக்கும். மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் போய் வர அப்பாவுக்கு ஒரு நாள் ஆகும், களைப்பு தீர இரண்டு நாள். போனோம். மூன்றாம் ஆண்டு போனபோது அந்தக் கடையே இல்லை. பக்கத்தில் வேறு கம்பெனிக் கடைக்காரர் நல்ல மனிதர், சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மிஷின் நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க சாஃப்ட்வேர்ல இது தொறக்காது." சித்தப்பா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா இது, உள்ள போக வழியே இல்ல" என்றார். ஐம்பது வருடம் மீட்டர் பிடித்த கை அது.

ஆக, பழுதில்லாத கருவி மூன்று வருடத்துக்கு முந்தைய காதுக்காக இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது. அப்பா அதை டப்பாவில் போட்டுவிட்டார்.

மூடியிருப்பதில் இரண்டு வகை உண்டு என்பது என் கருத்து. காதுக்குள் வியர்வை இறங்கும், அதனால் மிஷினை அடைத்துச் செய்கிறார்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். சிறியதாக்க வேண்டும் என்றால் திருகாணிக்கு இடமிருக்காது, அதுவும் நியாயம். அளவைக் கூட்டிக் குறைக்கும் எண்களை அதற்கு உரியவருக்கே காட்டாமல் பூட்டுவதற்கு வியர்வையும் காரணமில்லை, இடப்பற்றாக்குறையும் காரணமில்லை. அமெரிக்காவில் 2022-ல், ஓரளவு கேட்புக் குறைவு உள்ள பெரியவர்கள் மருத்துவச் சீட்டில்லாமல் வாங்கித் தாமே சரிசெய்துகொள்ளும் காது மிஷின்களுக்கு அனுமதி வந்தது. அப்பாவின் அளவுக்குக் கெட்ட காதுக்கு அது போதாது என்றாலும், பூட்டு இயற்கையானது அல்ல என்பதற்கு அதுவே சாட்சி. நம் நாட்டிலும் 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையவாசல் திறந்தது. கம்பெனிகள் கையேடும் உதிரி விவரமும் தாமாக அதில் தர வேண்டும் என்பது நோக்கம். தாமாக என்ற சொல்லில்தான் எனக்குச் சந்தேகம்.

திறந்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழிலேயே சான்று இருக்கிறது. கைப்பேசிகள் வெளியார் எழுதும் நிரல்களை ஏற்கத் தொடங்கியபோது, மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியாகி, கைப்பேசியில் தமிழில் எழுத வழி செய்தது. தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் ஒருவர் செய்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். பெரிய கம்பெனி மனமிரங்கும் வரை அவர் காத்திருக்கவில்லை. கதவு கொஞ்சம் திறந்திருந்தது, தமிழ் உள்ளே போனது.

2017-ல் தமிழில் பேசினால் எழுத்தாக மாற்றும் வசதியை கூகுள் கொண்டுவந்தது. இப்போது எங்கள் வீட்டில் அதுதான் காது மிஷின். பேத்தி கைப்பேசியைப் பிடித்துப் பேசுகிறாள், எழுத்து ஓடுகிறது, இரவுப் பள்ளியில் தமிழ் படித்த அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்துப் பதில் சொல்கிறார். பேத்தி பேசுவது பள்ளிக்கூடத் தமிழ், அது தவறாமல் வருகிறது. சித்தப்பா பேசினால்தான் வம்பு. போன ஞாயிறு போனை வாயருகே வைத்து, "அண்ணா, சோறு துன்னியா?" என்று கேட்டார். அப்பா திரையைப் பார்த்தார். "சோறு துணியா" என்று வந்திருந்தது.

"இன்னாடா கேக்குற, சோறா துணியா?" என்றார் அப்பா. சித்தப்பா மேசையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் போனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, சங்க மேடையில் பேசுகிறவர் மாதிரி, "சாப்பிட்டீர்களா அண்ணா?" என்று மறுபடி கேட்டார்.