ஆன்ஃபீல்டின் ஐரோப்பிய இரவுகள்

இன்னார் செய்தது என்று பெயர் சொல்ல இயலாத கலைகள் சில உலகத்தில் உண்டு. இங்கிலாந்தின் வடமேற்கே, மெர்ஸி நதி கடலோடு கலக்கும் இடத்தில் உள்ள லிவர்பூல் நகரத்து ஜனங்கள் ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்துப் பந்தயம் ஒன்றை எதிர்நோக்கிக் காத்திருக்கும் விதத்தை அத்தகைய கலைகளுள் ஒன்றாகவே நான் மதித்து வருகிறேன். பிரிந்து சென்றவன் மீளும் வரை ஆற்றியிருத்தலையே முல்லைத் திணையின் உரிப்பொருளாக வகுத்த மரபில் வந்தவர்களுக்கு, காத்திருத்தலிலும் ரஸம் உண்டு என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. தலைவி ஒருத்தி தனித்திருந்து செய்வதை ஐம்பதாயிரம் பேர் ஒன்றுகூடி, பாட்டாலும் துணியாலும் வர்ணத்தாலும் செய்யும்போது அது என்ன உருவம் பெறுகிறது என்பதை அறிய விரும்புகிறவர்கள் அந்நகரத்து அணியின் ஆன்ஃபீல்ட் மைதானத்தைத்தான் நாட வேண்டும்.

இந்தக் கலைக்கு இலக்கணம் வகுத்துத் தந்தது பந்தயத்தின் அமைப்பு. தோற்றவர் வெளியேறும் சுற்றுகளில், இறுதி ஆட்டம் ஒன்று நீங்கலாக, இரண்டு அணிகளும் தத்தம் ஊரில் ஒருமுறையாக இருமுறை மோதுகின்றன. இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டிப் பார்த்தே வெற்றி தோல்வி தீர்மானிக்கப்படுகிறது. முதல் ஆட்டம் முடிந்த இரவில் பாதி விடைதான் தெரியும். மீதிப் பாதி தெரிவதற்கு ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகலாம். உள்நாட்டு லீக் ஆட்டத்தில் சனிக்கிழமை தோற்றால் அடுத்த சனிக்கிழமை வேறோர் அணியோடு ஆடி அந்தத் துயரத்தை மறந்துவிடலாம். இங்கேயோ, தோற்கடித்த அதே எதிரி, அதே கணக்கோடு, நம் வீட்டு வாசலுக்கே வருகிறான். இடைப்பட்ட நாட்களில் ரசிகனுக்கு நம்பிக்கை, அச்சம், கணக்கு மூன்றும் மாறி மாறித் தோன்றுகின்றன. இந்த நாட்களில்தான் அவன் கலைஞனாகிறான்.

லிவர்பூல் அணி முதன்முதலாக ஐரோப்பியப் போட்டியில் இறங்கியது 1964-இல். அப்போது மேலாளராயிருந்த பில் ஷாங்க்லி, ஜனங்களின் ஆர்வத்தைத் தீயாக மூட்டிவிடும் வித்தையில் நிகரற்றவர். அதுவரை வெள்ளைக் காற்சட்டை அணிந்து ஆடி வந்த அணியை, அந்த ஆண்டு நவம்பரில் பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட் அணி வந்தபோது, உச்சி முதல் உள்ளங்கால் வரை சிவப்பில் களமிறக்கினார். நெடிய உருவமுடைய தலைவர் ரான் யேட்ஸ் அந்த உடையில் இன்னும் ஓங்கித் தோன்றியதைக் கண்டு அவர் அடைந்த ஆனந்தம் பிரசித்தம். ஆட்டம் 3-0 என வெற்றியில் முடிந்தது. சிவப்பு அன்றிலிருந்து நிலைத்துவிட்டது.

அதே பருவத்தில், 1965 மே 4-ஆம் தேதி, நடப்பு ஐரோப்பிய வெற்றியாளரான இன்டர் மிலான் அரையிறுதிக்கு வந்தது. லிவர்பூல் தன் சரித்திரத்தில் முதன்முறையாக இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்று மூன்று நாட்களே ஆகியிருந்தன. ஆட்டம் தொடங்குவதற்குப் பல மணி நேரம் முன்னரே மைதானம் நிறைந்து, பாட்டு தொடங்கிவிட்டது. அந்தக் கூட்டத்துக்கு முன்னால், காயமுற்று அன்று ஆட இயலாதிருந்த இருவர், ஜெரி பர்னும் கார்டன் மில்னும், அந்தக் கோப்பையை ஏந்தி மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். காறையெலும்பு முறிந்த நிலையில் அதன் இறுதி ஆட்டம் முழுவதும் ஆடியவர் பர்ன். அவர் கையில் கோப்பையைக் கண்ட ஜனங்களின் ஆரவாரம் எத்தகையதாயிருக்கும்! லிவர்பூல் 3-1 என வென்றது. மிலானில் 3-0 எனத் தோற்று வெளியேறியது என்பதும் உண்மைதான். ஆயினும் அந்த முதல் இரவை நகரம் மறந்ததே இல்லை.

மைதானத்தின் ஒரு முனையில் 1906-இல் எழுந்த மேட்டுக்குக் 'காப்' என்று பெயர். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், 1900 ஜனவரியில் நடந்த யுத்தத்தில் லங்காஷயர்ச் சிப்பாய்கள் பலர் மடிந்த ஸ்பியான் காப் என்னும் குன்றின் நினைவாக இட்ட பெயர் அது. அந்தக் குன்றின் அடிவாரத்திலிருந்து காயமுற்றவர்களைத் தூக்கிச் சென்ற இந்தியத் தொண்டர் படையை நடத்தியவர் காந்தியடிகள் என்பதை நம்மவர்கள் நினைவிற் கொள்வது தகும். 1928-இல் கூரை வேய்ந்தபின், நின்றபடியே சுமார் 28,000 பேர் கொள்ளும் மேடாயிற்று அது. எழுந்த குரல் வெளியே சிதறாமல் கூரையில் மோதி மைதானத்தின்மீது கவிந்தது. 1994-இல் நிற்கும் வழக்கம் நீங்கி இருக்கைகள் வந்தன. ஐரோப்பிய இரவுகளில் அந்த இருக்கைகளில் அமர்பவர் அரியர்.

காத்திருப்பின் கைத்தொழிலில் முதலிடம் கொடிகளுக்கே உரியது. 1977 மார்ச்சில் பிரான்சின் செயின்ட் எட்டியன் அணியை 3-1 என வென்ற இரவு, அதற்குமுன் நேர்ந்த 0-1 தோல்வியைத் தீர்த்து, இன்றளவும் முதியவர்கள் விழி விரியப் பேசும் இரவாயிற்று. ஆட்டம் முடிய ஆறு நிமிஷம் இருக்கையில் மாற்று ஆட்டக்காரர் டேவிட் ஃபேர்க்ளஃப் போட்ட கோலே அந்தச் சுற்றின் முடிவைத் தீர்மானித்தது. பச்சை உடுத்து வந்த பிரெஞ்சு ரசிகர்களின் மெட்டு பிடித்துப்போக, அதையே தங்கள் சிவப்புக்கு மாற்றிப் பாடிக்கொண்டவர்கள் லிவர்பூல்காரர்கள். பகைவனிடமிருந்தும் நல்ல பாட்டை எடுத்துக்கொள்வது உயர்ந்த ரஸிகத்தன்மை அல்லவா? அந்த மே மாதம் ரோமாபுரியில் நடந்த இறுதி ஆட்டத்துக்கு அவர்கள் கொண்டுபோன கொடி ஒன்று புகழ் பெற்றது. பின்களத்தில் ஆடிய ஜோயி ஜோன்ஸ், பிரெஞ்சுக்காரரையும் ஸ்விட்சர்லாந்துக்காரரையும் அந்தந்த நாட்டுப் பலகாரங்களாகப் பாவித்து உண்டு முடித்து, இப்போது ஜெர்மானியரான கிளாட்பாக் அணியை மென்றுகொண்டிருக்கிறார் என்பது அதன் கருத்து. அந்த ஆண்டு காலிறுதி முதல் கடந்து வந்த பாதை முழுவதும் ஒரே துணியில் ஹாஸ்யமாக அடங்கிவிட்டது.

மற்றொரு வித்தை, அட்டைச் சித்திரம். இருக்கைதோறும் ஒரு வர்ண அட்டை முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கும். அணிகள் வெளிவரும் தருணத்தில் எல்லாரும் ஒருசேர உயர்த்த, காப் முழுவதும் ஒரே சித்திரமாகிறது. அட்டையைப் பிடித்திருப்பவனுக்குத் தெரிவது தன் அட்டையின் பின்புறமும் முன்வரிசையாரின் முதுகும் மட்டுமே. எதிர்முனையில் இருப்பவர்களும் களத்தில் நிற்பவர்களும் காண்பதற்காக, தான் காண முடியாத சித்திரத்தில் ஒரு புள்ளியாக அவன் கைவலிக்க நிற்கிறான்.

அந்தச் சித்திரங்களுள் என் மனத்தை மிகவும் நெகிழச் செய்தது 2005 ஏப்ரல் 5-ஆம் தேதி எழுந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன், 1985 மே 29-ஆம் தேதி, பிரஸ்ஸல்ஸ் ஹெய்ஸல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்களிற் சிலர் எதிர்த்தரப்பார்மீது பாய்ந்ததால் நேர்ந்த நெரிசலில் சுவர் இடிந்து 39 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் இத்தாலியின் யுவென்டஸ் அணியைக் காண வந்தவர்கள். அதன்பின் இரு அணிகளும் சந்தித்த முதல் இரவில், நட்பு என்னும் இத்தாலியச் சொல்லைக் காப் முழுவதும் அட்டைகளால் எழுதிக் காட்டியது. யுவென்டஸ் ரசிகர்களில் சிலர் கைதட்டினார்கள். சிலர் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். திருப்பிக்கொண்டவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

ஆட்ட நாளன்று, இரவு எட்டு மணி ஆட்டத்துக்குப் பிற்பகலிலேயே மைதானத்தை ஒட்டிய வால்டன் பிரெக் சாலை நிரம்பத் தொடங்கும். அணியின் பஸ் தெருத் திரும்புகையில் சிவப்புப் புகை சூழ, முன்னால் செல்வதே அரிதாகும். உள்ளே, ஆட்டத்துக்குச் சற்று முன், 1945-இல் 'கரௌசல்' இசை நாடகத்துக்காக ரோட்ஜர்ஸும் ஹாமர்ஸ்டைனும் இயற்றி, 1963-இல் லிவர்பூல்காரரான ஜெரி மார்ஸ்டன் தம் குழுவோடு பாடிப் புகழ் பெறச் செய்த 'யூ வில் நெவர் வாக் அலோன்' ஒலிக்கும். கணவனை இழந்தவளைத் தேற்றுவதற்கு நாடகத்தில் வரும் பாட்டு அது. கழுத்துத் துணியை இரு கைகளாலும் தலைக்குமேல் இழுத்துப் பிடித்து, இசைத்தட்டு ஓய்ந்த பின்னும் ஜனங்கள் தாமே பாடி முடிக்கிறார்கள். 1989-இல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலுக்குப் பலியான 97 லிவர்பூல் ரசிகர்களையும் நினைந்து பாடப்படுவதால், அதில் உற்சாகத்தோடு துக்கமும் கலந்தே இருக்கிறது.

இருமுறை ஆடுவானேன், ஒரே ஆட்டத்தில் முடித்துவிடலாகாதா என்று கேட்போர் உளர். தொற்றுநோய்க் காலமான 2020 ஆகஸ்டில், லிஸ்பனில் காலிறுதி முதல் அவ்வாறே, ஆளில்லா மைதானங்களில் நடத்திப் பார்த்தார்கள். பார்ஸிலோனாமீது பேயர்ன் மியூனிக் எட்டு கோல் போட்ட அபூர்வம் அங்கேதான் நடந்தது. வித்தைக்குக் குறைவில்லை; ஆயினும் முதல் ஆட்டத்தின் பாக்கியைத் தீர்க்க வந்தவர்கள் என்று எவரும் அங்கு இல்லை. கேட்போருக்கு நான் எடுத்துக்காட்டுவது 2019 மே 1-ஆம் தேதிக்கும் 7-ஆம் தேதிக்கும் இடைப்பட்ட நாட்களை. பார்ஸிலோனாவில் லிவர்பூல் 3-0 எனத் தோற்றது. அந்த மூன்று கோல்களுள் இரண்டு மெஸ்ஸியினுடையவை. ஆன்ஃபீல்டில் மறு ஆட்டத்துக்கோ லிவர்பூலின் ஸாலாவும் ஃபிர்மினோவும் காயத்தால் இல்லை. எந்தக் கணக்குக்கும் வசப்படாத நிலையில், ஜனங்கள் வழக்கம்போல் கொடிகளோடு வந்து வழக்கம்போல் பாடினார்கள். ஒரிகி ஒன்று போட்டார், இடைவேளைக்குப் பின் இறங்கிய வைனால்டம் இரண்டே நிமிஷத்தில் இரண்டு போட்டார், கணக்கு சமனாயிற்று. 79-ஆம் நிமிஷத்தில் கார்னர் கிக். பந்தெடுக்கும் சிறுவன் ஒரு கணமும் தாமதியாமல் பந்தை அனுப்பினான். அதே நகரில் பிறந்த இருபது வயது அலெக்ஸாண்டர்-ஆர்னால்ட், விலகிச் செல்பவர்போல் இரண்டு எட்டு வைத்து, சட்டெனத் திரும்பி உதைத்தார். பார்ஸிலோனாவின் காவலர்கள் வேறெங்கோ பார்த்திருக்க, ஒரிகி அதை வலைக்குள் சேர்த்தார். 4-0.

ஆட்டம் முடிந்த பின்னும் ஜனங்கள் கலையவில்லை. ஆட்டக்காரர்களும் மேலாளர் யூர்கன் க்ளாப்பும் மற்றுமுள்ள ஊழியர்களும் காப்பின்முன் தோளோடு தோளாக வரிசையில் நின்று ரசிகர்களோடு சேர்ந்து பாடினார்கள். மாட்ரிட்டில் இறுதி ஆட்டம் ஜூன் 1-ஆம் தேதி. காத்திருப்பதற்கு இன்னும் 25 நாட்கள் இருந்தன.