ஊசிக் கணவாயின் நரம்பு

மும்பையில் ஆண்டாப் ஹில்லை ஒட்டிய சயான் கோலிவாடாவில் ஊசிக் கணவாய் வாங்குகிறவர்களுக்கு ருசிதான் கணக்கு. எனக்கு அதன் ராட்சத நரம்பிழை. அரை மில்லிமீட்டர் தடிமன். உள்ளே மின்வாயையே செருகலாம். நரம்புத் துடிப்பை விளக்கி ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் வெளியிட்ட சமன்பாடுகள் இதிலிருந்து பிறந்தவை. கேம்பிரிட்ஜ் கணினி கைக்கு வராததால், ஹக்ஸ்லி கைப்பிடி சுற்றும் கணக்கு இயந்திரத்தில் அவற்றைத் தீர்த்தார். (அந்தப் பொறுமைக்கே ஒரு பரிசு தரலாம்.)

நான் சொக்கிப்போவது அந்த நரம்பிழையின் சவ்வில்தான். குறுக்கே சுமார் 70 மில்லிவோல்ட், அற்ப மின்னழுத்தம். சவ்வின் தடிமனோ 5 நானோமீட்டர் அளவு. வகுத்தால் மீட்டருக்கு 1.4 கோடி வோல்ட்! காற்றில் பொறி பறக்க ஏறக்குறைய 30 லட்சம் போதும். ஆனால் சவ்வின் மேலுள்ள மின்னூட்டத்தின் அதிகாரம், எதிர் அயனிகள் மொய்ப்பதால், உப்புநீரில் ஒரு நானோமீட்டருக்குள்ளேயே பெரிதும் தணிந்துவிடும். இந்தத் தணிவின் கணிதத்தை 1910இல் கூய், 1913இல் சாப்மன் எழுதியது நரம்புக்காக அல்ல, மின்வாய்க்காக.