ஒளிச்சிதறலும் உழைப்பும்: ஒரு விமர்சனக் குறிப்பு

1928இல் கல்கத்தாவில் சி. வி. இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் கண்டறிந்த ஒளிச்சிதறலைத் தமிழ் அறிவியல் எழுத்து பெரும்பாலும் தனிமேதை ஒருவரின் சாதனையாகக் கூறி, 1930ஆம் ஆண்டு நோபல் பரிசுடன் முடித்துவிடுகின்றது. இப்போக்கை நாம் ஏற்பதற்கில்லை.

2004இல் மன்செஸ்டரில், பென்சிற்கரியான காரீயத்திலிருந்து ஓரணுத் தடிப்புள்ள கிரபீன் பிரித்தெடுக்கப்பட்டது. அதனை ஆராய்வதில் இம்முறை இன்றியமையாததாயிற்று. அதன்மீது படும் லேசர் ஒளியில் மிகச் சிறு பகுதி, அணுக்களின் அதிர்வுக்கேற்ப அலைநீளம் மாறிச் சிதறுகின்றது. படை ஒன்றா பலவா, அணுக்கோப்பில் குறைகள் உளவா என்பவற்றைப் பொருளைச் சிதைக்காமலே அம்மாற்றத்தால் அறியலாம்.

ஆனால் காரீயம் ஆய்வுகூடத்தில் விளைவதன்று. றக்வானை அமைந்துள்ள சப்பிரகமுவ மாகாணத்திலேயே, கேகாலை மாவட்டத்துப் போகல சுரங்கத்தில், தொழிலாளர் அதனை நிலத்தடியிலிருந்து வெட்டியெடுக்கின்றனர். றக்வானைத் தோட்டத்து மாணவனுக்கோ இவ்விஞ்ஞானம் எங்கோ நிகழும் அற்புதமாகவே கற்பிக்கப்படுகின்றது. தன் மாகாணத்து மண்ணும் உழைப்பும் அதற்கு அடிப்படையான மூலப்பொருளைத் தருவதை அவன் அறியான்.

கண்டுபிடிப்பின் பெருமையை நாம் குறைக்கவில்லை. அதன் சமூக அடித்தளத்தையும் சேர்த்து எழுதும்போதே அறிவியல் தமிழ் மக்களுக்குரியதாகும்.